எதை விடுவது, யாரை விடுவது: ஓரிகனின் மருத்துவக் கணக்கு

1987-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலச் சட்டமன்றம் ஒரு நிதி முடிவை எடுத்தது. அன்றைக்கு அது யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை. ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டமான மெடிகெய்டில் இதயம், கல்லீரல், கணையம், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைகளுக்கு இனிப் பணம் தருவதில்லை. மிச்சமாகும் தொகையை ஏழைக் கர்ப்பிணிகளின் பேறுகாலக் கவனிப்புக்குத் திருப்பிவிடுவது. இதுதான் முடிவு. மாற்றுச் சிகிச்சை தேவைப்படக்கூடியவர்கள் இரண்டு ஆண்டுகளில் சுமார் 30 பேர். பேறுகாலக் கவனிப்பால் பயன்பெறக்கூடியவர்கள் சுமார் 1,500 பேர். தாளில் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாத கணக்கு.

ஆண்டு முடிவதற்குள் அந்தக் கணக்குக்கு ஒரு முகம் வந்துவிட்டது. ரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்பட்டது. செலவு ஒரு லட்சம் டாலர். மெடிகெய்டு கைவிரித்தது. குடும்பம் ஊர் ஊராக நிதி திரட்டியது. ஏறக்குறைய 70,000 டாலர் சேர்ந்திருந்தபோது, டிசம்பரில் சிறுவன் இறந்துபோனான். தொலைக்காட்சிகள் அவன் படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டின. காசுக்குக் கணக்குப் பார்த்து ஒரு குழந்தையைச் சாகவிட்ட மாநிலம் என்று ஓரிகனின் பெயர் நாடெங்கும் கெட்டது.

1988 ஜனவரியில், சட்டமன்றம் கூடாத காலத்தில் நிதி முடிவுகளைக் கவனிக்கும் அவசர நிதிக்குழுவின் முன்னால் ஒரு கோரிக்கை வந்தது. நிறுத்திய சிகிச்சைகளுக்கு மறுபடியும் பணம் ஒதுக்குங்கள் என்பதே அது. மக்கள் மனநிலை தெரிந்த எந்த அரசியல்வாதியும் கையைத் தூக்கியிருப்பார். எதிர்த்து நின்றவர் மாநிலச் செனட்டின் தலைவர் ஜான் கிட்ஸ்ஹாபர். அவர் எம்.டி. படித்த மருத்துவர், அதுவும் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர். கோரிக்கை தோற்றது. ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் மருத்துவம் என்ற விஷயத்தில் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு ஓரிகன் அமெரிக்காவின் சோதனைச்சாலையாக மாறியது இந்த எதிர்ப்பிலிருந்துதான்.

கிட்ஸ்ஹாபர் 1947-இல் பக்கத்து மாநிலமான வாஷிங்டனில் பிறந்தவர். 1973-இல் ஓரிகனில் மருத்துவப் பட்டம் பெற்றார். தென் ஓரிகனில் மரத்தொழிலை நம்பி வாழ்ந்த ரோஸ்பர்க் என்ற சிற்றூரின் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். 1978-இல் ஜனநாயகக் கட்சி சார்பில் மாநிலக் கீழவைக்கும், இரண்டு ஆண்டு கழித்துச் செனட்டுக்கும் தேர்வானார். 1985 முதல் 1993 வரை செனட் தலைவர். கவ்பாய் பூட்சும் ஜீன்சுமாகத் தலைநகர் சேலத்தில் நடமாடியவர். (நம் சேலத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு உறவு கிடையாது.) அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டமன்றப் பதவி முழுநேர வேலை அல்ல, கூட்டத்தொடர் முடிந்தால் அவரவர் தொழிலுக்குத் திரும்பலாம். கிட்ஸ்ஹாபரும் திரும்பினார். சேலத்தில் வெட்டிய நிதியின் விளைவை ரோஸ்பர்க்கின் அவசர சிகிச்சைப் பிரிவில் கட்டிலில் பார்த்தார்.

அங்கே அவர் கண்டது இதுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் மரத்தொழில் படுத்தபோது மாநில வருவாய் சரிந்தது. செலவைக் குறைக்க அரசுக்குத் தெரிந்த சுருக்கு வழி, மெடிகெய்டுக்கான வருமான வரம்பைக் கீழே இறக்குவது. வரம்பு இறங்கினால் சில ஆயிரம் பேர் திட்டத்திலிருந்து சத்தமில்லாமல் கழன்றுவிடுவார்கள். பட்ஜெட் சமன்படும். கழன்றவர் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவார். ஒரு நாள் பக்கவாதத்தோடு அவசரப் பிரிவுக்கு வருவார். 1986-இல் வந்த மத்தியச் சட்டத்தின்படி, உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரைக் காசில்லை என்று மருத்துவமனை திருப்பி அனுப்பக் கூடாது. மாத்திரைக்கு மறுத்த சமூகம் தீவிர சிகிச்சைக்குப் பல மடங்கு செலவழிக்கும். அந்தச் செலவு காப்பீடு உள்ளவர்களின் பில்லில் ஏற்றப்படும்.

ஆக, பங்கீடு என்பது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. ஒருவரும் அதற்குக் கையெழுத்துப் போடவில்லை என்பதுதான் வசதி. மாற்றுச் சிகிச்சை மறுக்கப்பட்ட சிறுவனுக்குப் பெயரும் படமும் இருந்தன. வருமான வரம்பை இறக்கியதால் செத்தவர்களுக்குப் படம் இல்லை. கிட்ஸ்ஹாபரின் வாதம் இந்த இடத்திலிருந்து புறப்பட்டது: பணம் அளவானது என்றால் எல்லாருக்கும் எல்லாமும் தர முடியாது, அப்படியானால் ஆட்களை வெட்டுவதா, சிகிச்சைகளை வெட்டுவதா? ஆட்களை வெட்டாதீர்கள், சிகிச்சைகளை வரிசைப்படுத்தி அடியிலிருந்து வெட்டுங்கள், அதையும் ஊரறிய வெட்டுங்கள் என்றார் அவர்.

இதைச் சட்டமாக்கியது 1989. மூன்று மசோதாக்கள் ஒரு கட்டாக வந்தன. கூட்டாட்சி வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள அத்தனை பேரையும் மெடிகெய்டில் சேர்ப்பது முதலாவது. அதுவரை ஓரிகனில் அந்தக் கோட்டின் பாதியைச் சற்றே தாண்டிய வருமானம் இருந்தாலே கதவு சாத்தப்பட்டது. குழந்தையில்லாத ஏழை ஆண் எவ்வளவு வறியவராக இருந்தாலும் பெரும்பாலும் இடமில்லை. நிறுவனங்கள் தங்கள் தொழிலாளருக்குக் காப்பீடு தர வேண்டும் என்றது இரண்டாவது. ஏற்கெனவே நோயுள்ளவர் என்று காப்பீட்டு நிறுவனங்கள் ஒதுக்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்தது மூன்றாவது.

உயிர்நாடி முதல் சட்டத்தில் இருந்தது. நோய்களையும் அவற்றுக்கான சிகிச்சைகளையும் ஒரு ஆணையம் முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தும். சட்டமன்றம் அந்த வரிசையில் கை வைக்கக் கூடாது. எவ்வளவு பணம் ஒதுக்குகிறோம் என்று மட்டும் அது முடிவெடுக்கலாம். அந்தப் பணம் எந்த எண் வரை தாங்குகிறதோ அங்கே ஒரு கோடு விழும். கோட்டுக்கு மேலே இருப்பது எல்லாருக்கும் உண்டு, கீழே இருப்பது யாருக்கும் இல்லை. பற்றாக்குறை வந்தால் கோட்டை மேலே நகர்த்தலாமே தவிர ஆட்களைக் கழிக்கக் கூடாது, மருத்துவர்களுக்கான கட்டணத்தையும் குறைக்கக் கூடாது. ஒரு மருத்துவர் எழுதிய சட்டம் என்பதைவிட, சக உறுப்பினர்களின் குணம் அறிந்த அரசியல்வாதி எழுதிய சட்டம் என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது. இந்த ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம், அந்த நோயாளர் சங்கத்துக்குக் கொஞ்சம் என்று வரிசையை மாற்றும் வாசலை முன்கூட்டியே பூட்டிவிட்டார்.

ஆணையத்தில் 11 பேர்: ஐந்து மருத்துவர்கள், ஒரு பொதுச் சுகாதாரச் செவிலியர், ஒரு சமூகப் பணியாளர், பொதுமக்களிலிருந்து நான்கு பேர். 1990-இல் மாநிலம் முழுக்க 47 ஊர்க்கூட்டங்கள் நடந்தன. மருத்துவத்தில் எது முக்கியம் என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நோய்த் தடுப்பு, வாழ்க்கைத் தரம், செலவுக்கேற்ற பலன் என்று மக்கள் சொன்னவை குறித்துக்கொள்ளப்பட்டன. ஆயிரம் பேருக்குச் சற்று மேல் வந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் மருத்துவத் துறையிலேயே வேலை பார்ப்பவர்கள். மெடிகெய்டில் இருந்த ஏழைகள் விரல்விட்டு எண்ணும் அளவு. ஏழைகளுக்கு எதை மறுக்கலாம் என்று ஏழைகள் இல்லாத அரங்குகளில் பேசப்பட்டது. இந்தக் குற்றச்சாட்டுக்குக் கிட்ஸ்ஹாபர் தரப்பு கடைசிவரை சரியான பதில் சொன்னதில்லை.

பிறகு கணினி வந்தது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் என்ன செலவு, எவ்வளவு பலன், அந்தப் பலன் எத்தனை காலம் நீடிக்கும் என்று எண்களைக் கொடுத்து, செலவைப் பலனால் வகுத்து, 1990 மே மாதம் 1,600-க்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்ட முதல் பட்டியலை அச்சிட்டார்கள். அதைப் படித்த ஆணையத்தாருக்கே தூக்கிவாரிப்போட்டது. பல்லுக்கு கேப் போடுவது, கருப்பைக்கு வெளியே கரு தங்கி உயிருக்குப் போராடும் பெண்ணுக்குச் செய்யும் அறுவைக்கு மேலே இருந்தது. தாடை மூட்டு வலிக்காகப் பல்லில் மாட்டும் தட்டு, குடல்வால் அழற்சிக்கான அறுவையை முந்திக்கொண்டது.

கணினி தப்புச் செய்யவில்லை. பல்லுக்கு கேப் போட ஆகும் செலவு மிகக் குறைவு. அதனால் கிடைக்கும் சின்னப் பலன் வகுத்தலில் பெரிதாகத் தெரிந்தது. குடல்வால் அறுவைக்கு ஆகும் காசில் எத்தனையோ பல்லுக்கு கேப் போட்டுவிடலாம். ஆனால் குடல்வால் வெடித்துக் கிடக்கும் ஒருவரைப் பார்த்துக்கொண்டே, அந்தக் காசில் நூறு பேருக்குப் பல் கட்டலாம் என்று எந்தச் சமூகமும் சொல்லாது. கண்ணெதிரே சாகும் ஒருவரைக் காப்பாற்றியாக வேண்டும் என்ற உந்துதலை எந்தச் சூத்திரத்துக்குள்ளும் அடைக்க முடியவில்லை. 1988-இல் அந்தச் சிறுவன் விஷயத்தில் கிட்ஸ்ஹாபர் எதை எதிர்த்து நின்றாரோ, அதே உந்துதல்தான் இப்போது அவருடைய ஆணையத்தின் மேசையிலேயே வந்து உட்கார்ந்தது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஆணையம் சூத்திரத்தை மூட்டை கட்டிவிட்டு, சிகிச்சைகளை 17 பெரும்பிரிவுகளாகப் பகுத்தது. சாவைத் தடுத்து முழுக் குணம் தரும் சிகிச்சைகள் உச்சியில், பேறுகாலக் கவனிப்பு அதையடுத்து, பலனே இல்லாதவை அடியில். அப்புறம் ஒவ்வொரு வரியாகப் படித்து, சரியில்லை என்று பட்டதைக் கையால் மேலும் கீழும் நகர்த்தினார்கள். 1991 பிப்ரவரியில் 709 வரிகள் கொண்ட புதிய பட்டியல் வந்தது. சட்டமன்றம் 587-ஆவது வரியில் கோடு போட்டது. நிமோனியா உச்சியில் நின்றது. தானாகச் சரியாகிவிடும் ஜலதோஷம் போன்றவையும், மூளை உருவாகாமல் பிறக்கும் சிசுவுக்கான உயிர்காப்பு முயற்சிகளும் கோட்டுக்குக் கீழே போயின. விஞ்ஞானத்தின் பெயரில் தொடங்கிய வேலை பதினோரு பேரின் நிதானத்தில் முடிந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன்.

மெடிகெய்டில் மத்திய அரசின் பணமும் கலந்திருப்பதால் அதன் சம்மதமும் தேவைப்பட்டது. 1992 ஆகஸ்டில் மூத்த புஷ் அரசு மறுத்துவிட்டது. மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கைக்குக் குறைந்த மதிப்புப் போடும் முறை இது, அவர்களுக்கான பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது என்று காரணம் சொன்னது. குடியால் வந்த கல்லீரல் நோய்க்கு மாற்றுச் சிகிச்சை பட்டியலின் அடியில் கிடந்ததும், மற்ற காரணங்களால் வந்த அதே நோய்க்கு மேலே இடம் கிடைத்ததும் சுட்டிக்காட்டப்பட்டன. குழந்தைகள் நல அமைப்புகளும், அன்று செனட்டராக இருந்த அல் கோரும் வேறொரு பக்கத்திலிருந்து தாக்கினார்கள்: பட்டியல் ஏழைகளை மட்டும்தானே கட்டுப்படுத்துகிறது? சட்டமன்ற உறுப்பினர்களின் காப்பீட்டுக்கு அந்தக் கோடு பொருந்துமா? இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. மெடிகெய்டின் பெருஞ்செலவுகளில் ஒன்று முதியோர் இல்லப் பராமரிப்பு. பட்டியலோ ஆரம்பத்தில் தாய்மார்களையும் பிள்ளைகளையும் தொட்டது, முதியோரைத் தொடவில்லை.

பட்டியலில் திருத்தங்கள் செய்த பிறகு 1993 மார்ச்சில் கிளின்டன் அரசு நிபந்தனைகளோடு அனுமதித்தது. (அந்த அரசின் துணை அதிபர் அல் கோர் என்பது அரசியலின் வழக்கமான குறும்பு.) 1994 பிப்ரவரி முதல் தேதி ‘ஓரிகன் ஹெல்த் பிளான்’ நடைமுறைக்கு வந்தது. 696 வரிகளில் 565 வரை அரசு பொறுப்பேற்றது. ஒரே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகச் சேர்ந்தார்கள். அதே ஆண்டுத் தேர்தலில் கிட்ஸ்ஹாபர் ஆளுநரானார். அமெரிக்க மாநில ஆளுநர் என்றால் நம் முதலமைச்சருக்கு நிகரான, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பதவி.

இனி வருவதுதான் ஆய்வாளர்களை வியக்கவைத்தது. பங்கீடு, பங்கீடு என்று உலகமே பேசிய இந்தத் திட்டம் உண்மையில் அதிகம் எதையும் வெட்டவில்லை. பட்டியலால் முதல் ஐந்தாண்டுகளில் மிச்சமானது மொத்தச் செலவில் 2 விழுக்காடு மட்டுமே என்பது மாநில அரசின் சொந்த மதிப்பீடு. கோட்டுக்குக் கீழே போனவை பெரும்பாலும் பலனற்ற அல்லது அற்பமான சிகிச்சைகள். நோய் என்ன என்று கண்டறியும் செலவு எப்போதும் கோட்டுக்கு மேலே இருந்ததால், மருத்துவர்கள் வளைந்துகொடுக்க இடமும் இருந்தது. பழைய மெடிகெய்டில் இல்லாத பல சேவைகள் புதிய திட்டத்தில் கிடைத்தன. மாற்றுச் சிகிச்சைகளில் பெரும்பாலானவை, 1987-இல் மறுக்கப்பட்ட எலும்பு மஜ்ஜை மாற்று உட்பட, கோட்டுக்கு மேலே வந்துவிட்டன.

பணத்துக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. நோயாளிகள் தனியார் நிர்வகிக்கும் திட்டங்களில் சேர்க்கப்பட்டார்கள். 1996-இல் வாக்காளர்கள் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு 30 சென்ட் கூடுதல் வரிக்குச் சம்மதித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்ட வேண்டியதை ஒரு தாளில் எண் போட்டு எழுதி வைத்தபோது, அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே வெட்டச் சட்டமன்றத்துக்கு மனம் வரவில்லை. மறைவாக இருந்தவரை எளிதாக இருந்த வேலை, வெளிச்சத்தில் கைகூசியது. பட்டியல் செலவைக் குறைக்கும் கருவியாகத் தோற்றது. ஏழைகளுக்குப் பணம் ஒதுக்கவைக்கும் கருவியாக ஜெயித்தது. கிட்ஸ்ஹாபரின் சாதனை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்.

சரிவுக்கான விதையும் அதே மண்ணில் இருந்தது. கோட்டை மேலே நகர்த்த மாநிலம் கேட்டபோது மத்திய அரசு பெரும்பாலும் மறுத்தது. பற்றாக்குறை வந்தால் சிகிச்சையை வெட்டு, ஆளை வெட்டாதே என்ற அடிப்படை விதியே இதனால் செயலிழந்தது. நிறுவனங்கள் காப்பீடு தர வேண்டும் என்ற சட்டத்துக்கு அமெரிக்க காங்கிரசின் விலக்கு கிடைக்காமல் அது காலாவதியானது. 2001-க்குப் பிறகு பொருளாதாரம் சுணங்கியது. 2003 ஜனவரியில் தற்காலிக வருமான வரி உயர்வை வாக்காளர்கள் நிராகரித்தார்கள்.

கிட்ஸ்ஹாபர் பதவியிலிருந்து இறங்கிய அடுத்த மாதமே, அவருடைய நிர்வாகத்திலேயே வரையப்பட்ட புதிய ஏற்பாடு வந்தது. புதிதாகச் சேர்க்கப்பட்ட ஏழைகளுக்கு, வருமானத்தைப் பொறுத்து மாதம் 6 முதல் 20 டாலர் வரை பிரீமியம். சிகிச்சைக்குப் போகும்போது தனிக் கட்டணம். தவணை தவறினால் ஆறு மாதம் வெளியே. இப்படியெல்லாம் செய்தால் இன்னும் நிறையப் பேரைச் சேர்க்கலாம் என்பது திட்டம். நடந்தது நேர்மாறு. 2003 தொடக்கத்தில் இந்தப் பிரிவில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தவர்கள், ஆண்டு முடிவில் சுமார் 50,000 ஆனார்கள். கையில் காசே புழங்காதவருக்கு ஆறு டாலரும் பெருந்தொகை. சிலருக்கு மணியார்டர் எடுக்கப் போகும் பேருந்துக் கட்டணமே பாரம். 2004-இல் புதியவர்களுக்குக் கதவு மூடப்பட்டது. ஆட்களை வெட்டாதே என்று சட்டம் எழுதிய மாநிலம், சுற்றிவந்து ஆட்களையே வெட்டியது. எந்த ஊர்க்கூட்டமும் நடக்கவில்லை.

2008-இல் சுமார் 10,000 இடங்கள் காலியானபோது, மாநிலம் யாரைச் சேர்ப்பது என்று குலுக்கல் போட்டது. ஏறத்தாழ 90,000 பேர் பெயர் கொடுத்தார்கள். அறம் பேசுபவருக்கு அது அவலம், ஆய்வாளருக்குப் பொக்கிஷம். குலுக்கலில் வென்றவர், தோற்றவர் என்று இரண்டு குழுக்கள் தாமாகவே உருவாகிவிட்டதால், ஏமி ஃபிங்கெல்ஸ்டீன், கேதரின் பெய்க்கர் முதலான பொருளியலாளர்கள் காப்பீட்டின் பலனை மருந்தைச் சோதிப்பதுபோலச் சோதித்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் கொழுப்பிலும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. மனச்சோர்வு குறைந்திருந்தது. குடும்பத்தையே கவிழ்க்கும் மருத்துவச் செலவு கிட்டத்தட்ட மறைந்திருந்தது. அவசரப் பிரிவுக்குப் போவது குறையும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்: 40 விழுக்காடு கூடியிருந்தது. ஏழைக்குக் காப்பீடு தந்தால் செலவு மிச்சமாகும் என்று கிட்ஸ்ஹாபர் உட்படப் பலரும் சொல்லிவந்த வாதத்துக்கு இது பெரிய அடி. காப்பீடு தர வேண்டிய காரணம் வேறு, அது சிக்கனம் என்பது வேறு என்று அந்த எண்கள் காட்டின.

2011-இல் அவர் மூன்றாம் முறை ஆளுநராக வந்தபோது அவர் பேச்சின் மையம் மாறியிருந்தது. பட்டியலைப் பற்றிக் குறைவாகவும், ஒரு ஏர்கண்டிஷனரைப் பற்றி அதிகமாகவும் பேசினார். இதயச் செயலிழப்பு உள்ள தொண்ணூறு வயது மூதாட்டி, காற்றோட்டமில்லாத வீடு, கோடையில் வெப்பம் தாங்காமல் உடல் நிலைகுலைகிறது. அரசுக் காப்பீடு ஆம்புலன்சுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக 50,000 டாலர் கொடுக்கும். 200 டாலர் ஏர்கண்டிஷனருக்குக் கொடுக்காது, ஏனென்றால் அது சிகிச்சை அல்ல. இந்த உதாரணத்தை அவர் போன இடமெல்லாம் சொன்னார். 2012-இல் வட்டாரந்தோறும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புகள் தொடங்கப்பட்டன. உடல், மனம், பல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. அதை எப்படிச் செலவிடுவது என்பதில் சுதந்திரம். மத்திய அரசு ஐந்தாண்டுகளில் 190 கோடி டாலர் தந்தது. பதிலுக்கு, ஆள்வீதச் செலவு வளரும் வேகத்தை 2 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைப்பதாக ஓரிகன் வாக்குக் கொடுத்தது. இந்த அமைப்புகள் இன்றும் இயங்குகின்றன.

முடிவு கௌரவமாக அமையவில்லை. அதிபர் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின்கீழ் மாநிலம் சொந்தமாகக் கட்டிய காப்பீட்டு இணையதளம் 2013 அக்டோபரில் திறக்க வேண்டியது. தனியார் காப்பீட்டில் ஒருவரைக்கூட முழுக்க இணையத்திலேயே சேர்க்க முடியாமல் அது படுத்துவிட்டது. ஆட்களை வைத்துக் காகித விண்ணப்பங்களைக் கையால் பதிவு செய்தார்கள். அதையும் மீறி 2014-இல் நான்காம் முறை வென்றவர், பதவியேற்ற மறுமாதமே ராஜினாமா செய்தார். அவரது வருங்கால மனைவி, ஆளுநர் மாளிகைச் செல்வாக்கைத் தன் ஆலோசனைத் தொழிலுக்குப் பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. மத்திய விசாரணை 2017-இல் வழக்கு ஏதும் தொடுக்காமல் முடிந்தது. அடுத்த ஆண்டு மாநில நன்னெறி ஆணையத்திடம் 20,000 டாலர் அபராதம் கட்டினார்.

பட்டியல் அவரைவிட நீண்ட காலம் பதவியில் இருந்தது. அதை 2027 ஜனவரிக்குள் கைவிட வேண்டும் என்ற ஏற்பாட்டோடுதான் 2022-இல் மத்திய அரசு ஓரிகனின் அனுமதியைப் புதுப்பித்தது. அதே ஆண்டு நவம்பரில், கட்டுப்படியாகும் விலையில் மருத்துவம் பெறுவது ஒவ்வொரு குடியிருப்பாளரின் அடிப்படை உரிமை என்ற திருத்தத்தை ஓரிகன் வாக்காளர்கள் மாநில அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் அது. ஆதரவு 51 விழுக்காட்டை எட்டவில்லை. அந்த உரிமைக்கான பணம் எங்கிருந்து வரும் என்று திருத்தத்தில் ஒரு வரியும் இல்லை.